குன்சுலுவின் கடைசித் தண்ணீர்

ஜெய்னெப் கழிவுநீர் நிலையத்தில் வேலை செய்தாள். அதனால் அவளுடைய ஓரகத்தி குன்சுலு அவளை மாவைத் தொட விட்டதில்லை.

விருந்து என்றால் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் குன்சுலுவின் சமையலறையில் கூடுவார்கள். ஒருத்தி மாவு பிசைவாள். ஒருத்தி அதை மேசை அகலத்துக்குத் தேய்ப்பாள். ஒருத்தி ஆட்டிறைச்சி வேகும் பானைக்குக் காவல் நிற்பாள். ஜெய்னெப் வருகிறவர்களின் மேல்கோட்டுகளை வாங்கி மாட்டலாம், வாசலில் குவிந்த பூட்ஸுகளை வரிசைப்படுத்தலாம், குப்பைக் கூடையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டலாம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவள் மாவுத் தாம்பாளத்தின் பக்கம் வந்தால் குன்சுலு தலையைத் தூக்காமலே சொல்வாள்.

“உனக்கு எதுக்குடி கஷ்டம்? அங்க நாள் முழுக்கக் கிண்டிட்டுத்தானே வர்றே. இங்கயும் வந்து கிண்டணுமா?”

பெண்கள் சிரிப்பார்கள். ஜெய்னெப்பும் கூடச் சிரித்துவிட்டு, மடித்த கையை இறக்கி விட்டுக்கொள்வாள்.

வேலை முடிந்ததும் நிலையத்திலேயே குளித்து, உடை மாற்றி, தலைத்துணியையும் மாற்றிக்கொண்டுதான் அவள் ஊருக்குள் வருவாள். அவள் மேல் சோப்பு வாசம்தான் வரும். அந்த வாசம் கொஞ்சம் அதிகமாக இருக்கும். அதுவே அவளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

குன்சுலுவின் கணவர் மெண்டிபாய்க்கு ஒரே தம்பி. அவன்தான் ஜெய்னெப்பின் கணவன். பல வருஷங்களுக்கு முன் இலையுதிர்காலப் புயல் ஒன்றில் அவன் மீன்பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. படகின் ஒரு பலகை கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. கழுவ உடல் இல்லை, புதைக்கவும் ஒன்றும் இல்லை. அடுத்த வசந்தத்தில் ஜெய்னெப் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலையைக் கேட்டு வேறு யாரும் வந்திருக்கவில்லை.

நிலையத்தைப் பற்றி எங்கள் ஊர் அக்ஷகலாவில் யாரும் பேசுவதில்லை. ஊர் மேட்டில் இருக்கிறது. ஊர் முடிந்து, ஒட்டகங்கள் திரியும் உப்புவெளியும் முடிந்து, முன்பு கடல் வந்து மோதிய ஓரத்தில் பள்ளத்தில் நிலையம். ஊருடைய தண்ணீர் எல்லாம் சரிவில் தானாக இறங்கி அங்கே வந்து சேரும். கடல் இப்போது அங்கே இல்லை. வருஷத்துக்கு வருஷம் விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. அலைக்குள் திறப்பதற்காகப் போட்ட வெளியேற்றுக் குழாய் இப்போது வெறும் சிப்பி மணலில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது.

ஊரில் ஐந்து மாடிக் கட்டடங்கள் வருவதற்கு முன்னால், இறந்தவரைக் கழுவிய தண்ணீருக்கு வீட்டு முற்றத்தில் ஒரு குழி வெட்டுவார்கள். யாருடைய காலும் படாத இடமாக, நாய் தோண்டாத இடமாகப் பார்த்து வெட்டுவார்கள். பிறகு மீன் தொழிற்சாலைக்காக மாடி வீடுகளைக் கட்டினார்கள். தொழிற்சாலை மூடிப் போனது, மாடி வீடுகள் மட்டும் மிஞ்சின. மூன்றாம் மாடியில் இறந்தவரை மூன்றாம் மாடியில்தான் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் குளியலறை ஓட்டையில் இறங்கும். இறங்கிய பிறகு அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

நிலையத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. ஜெய்னெப்போடு அங்கே வேலை செய்தவர் மெக்கானிக் தொக்தார். ஓய்வு பெற வேண்டிய வயது தாண்டியும் மோட்டார்களை விட மனம் இல்லாதவர். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு அவர்கள் இருவரும் தண்ணீர் வந்து விழும் வாய்க்காலின் ஓரத்தில் போய் நிற்பார்கள். தொக்தார் ரேடியோவை அணைத்துவிடுவார். இரண்டு கைகளையும் ஏந்தி, தெரிந்ததை ஓதி, முகத்தில் தடவிக்கொள்வார்கள். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். யார் இதை முதலில் தொடங்கினார்கள் என்று இருவருக்கும் ஞாபகம் இல்லை. வெளியே சொன்னதும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் குன்சுலுவுக்கு ஈரல் கெட்டுப்போனது. அக்தாவ் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும்.

இறந்தவரைக் கழுவப் போவதை எங்கள் பக்கம் எலும்புக்கு இறங்குவது என்பார்கள். அது பெரிய மரியாதை. யார் யார் இறங்க வேண்டும் என்று சாகிறவர்களே பெயர் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். பெண்ணுக்குப் பெண்கள்தான், ஐந்து பேர். பிறந்த வீட்டில் இருவர், சம்பந்தி வீட்டில் ஒருவர், அக்கம்பக்கத்தில் ஒருவர். ஐந்தாவது இடம் ஓரகத்திக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்களையெல்லாம் வரச் சொல்லி, தலையணையில் சாய்ந்துகொண்டு குன்சுலு பெயர்களைச் சொன்னாள். முகம் மஞ்சளாகிக் கண்கள் மட்டும் பழைய கண்களாக இருந்தன.

“ரைஹான், நீ.” ரைஹான் அவளுடைய தங்கை. “நம்ம சின்னம்மா மக. சம்பந்தியம்மா, நீங்க. எதிர்வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக்குங்க, அவங்களுக்குப் பழக்கம் இருக்கு.”

அவ்வளவோடு நிறுத்தினாள்.

“நாலு பேர்தான் ஆச்சு,” என்றாள் ரைஹான் மெதுவாக.

“எண்ணத் தெரியும்டி எனக்கு. ஈரல்தான் போச்சு, கணக்கு போகல.”

“அஞ்சாவது ஆளு?”

“பாக்கலாம்.”

ஜெய்னெப் வாசலருகே எல்லோருடைய மேல்கோட்டுகளையும் கையில் சுமந்துகொண்டு நின்றாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அத்தனை பேரும் அவளைத்தான் நினைத்தார்கள். மாவைத் தொட விடாதது கேலியாகப் போய்விடும். இது போகாது. இந்த இடத்துக்குக் கூப்பிடாவிட்டால், உன் கை சுத்தமில்லை என்று குன்சுலு சாகும்போது சொல்லிவிட்டுப் போனதாக ஆகும். அதற்குப் பிறகு அக்ஷகலாவில் அவள் கையிலிருந்து ஒரு கிண்ணம் தேநீர் வாங்கவும் ஆள் யோசிக்கும். ஜெய்னெப் கோட்டுகளை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டினாள். கடைசிக் கோட்டை மாட்டியும் அங்கேயே நின்றாள்.

ஒரு வாரம் கழித்து மெண்டிபாய் அவளைத் தேடி வந்தார். “உன்னைக் கூப்பிடறா. தனியா வரணுமாம்,” என்றார். அவருக்கே காரணம் தெரியாதது போல இருந்தது.

அறையில் மருந்து வாசனையும் பால் காய்ந்த வாசனையும் கலந்து கிடந்தன.

“கதவைச் சாத்து.”

சாத்தினாள்.

“உக்காரு. அங்க இல்ல, கிட்ட வா. நான் கேக்குறதுக்கு நேராப் பதில் சொல்லு. ஆறுதல் வேண்டாம். டாக்டருங்க நெறையச் சொல்லிட்டாங்க.”

“கேளுங்க அக்கா.”

“என்னைக் கழுவுற தண்ணி எங்க போகும்?”

இப்படி ஒரு கேள்வியை ஜெய்னெப் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். குன்சுலு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்ககிட்டதான் வரும்.”

“தெரியும். வந்ததுக்கப்புறம் சொல்லு.”

“முதல்ல கம்பித் தடுப்புல வந்து மோதும். துணி, மயிர், பிளாஸ்டிக் எல்லாம் அங்க நின்னுடும். அப்புறம் ஒரு நீளத் தொட்டி, மணலு அடியில தங்கிடும். அதுக்கப்புறம் பெரிய தொட்டி. அதுல அடியிலேருந்து காத்து ஊதிக்கிட்டே இருப்போம், ராவும் பகலும். அந்தச் சேத்துல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு அக்கா. அழுக்கையெல்லாம் அதுங்க தின்னுடும்.”

“தின்னுதா?”

“தின்னு தின்னுதான் வாழுதுங்க. காத்து நின்னா செத்துப்போகும்.”

“அதையும் அல்லாதான் படைச்சானா?”

“வேற யாரு படைப்பா, தொக்தார் அண்ணனா?”

குன்சுலுவின் உதடு கொஞ்சம் கோணியது. “சொல்லு, சொல்லு.”

“அப்புறம் வட்டத் தொட்டி. அங்க தண்ணி சும்மா நிக்கும். நின்னா சேறு கீழ போயிடும், தெளிஞ்சது மேல வரும். ஓரத்துல வழியறதைத்தான் வெளிய விடுவோம். கையில அள்ளிப் பாத்தா ரேகை தெரியும்.”

“வெளியன்னா? கடல்தான் போயிடுச்சே.”

“கடல் இருந்த எடத்துல ஓடுது. சின்ன ஓடையாட்டம். நாணல் முளைச்சிருக்கு. குளிர்காலத்துல அன்னம் வருது.”

குன்சுலு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் உப்புக் காற்று படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

“எங்கம்மாவ இந்தக் குளியலறையிலதான் கழுவினோம்,” என்றாள். “நான்தான் தண்ணி ஊத்தினேன். அது ஓட்டையில சுத்திச் சுத்தி, சத்தம் போட்டுக்கிட்டு இறங்கிச்சு. குதிகாலால ஓட்டைய மூடினேன். மூடி என்ன பண்றது, தண்ணி அறையெல்லாம் ஏறிடுச்சு. ரைஹான் திட்டினா. காலை எடுத்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அதுலேருந்து உன்னைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான். உன் கையப் பாத்தா, இந்தக் கை எங்கம்மாவோட தண்ணிய எந்தக் குழியில போட்டுக் கிண்டிச்சோன்னு தோணும். நாத்தம்னு நினைச்சியா நீ? நாத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. சோப்புதான் மணக்குது. கொஞ்சம் கம்மியாப் போடு.”

ஜெய்னெப் தன் கைகளைத் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நான் வேலையிலதான் இருந்தேன் அக்கா. காத்து பயங்கரமா அடிச்சுது. தொக்தார் அண்ணன் தொப்பி பறந்து வாய்க்கால்ல விழுந்துடுச்சு. அதான் மறக்கல. உங்கம்மா தண்ணி வர்ற நேரம்னு வாய்க்கால்கிட்ட போய் நின்னோம். கையேந்தி ஓதினோம். அவரு தொப்பி இல்லாமயே ஓதினாரு.”

“எங்கம்மாவுக்கா?”

“எல்லாருக்கும் நிப்போம்.”

“எல்லாருக்குமேவா? அந்தக் குடிகாரன் சாகென்?”

“அவனுக்கும்தான்.”

“அவன் குளிச்ச மொதத் தண்ணியே அதுதான்டி,” என்று சொல்லிக் குன்சுலு சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. ஜெய்னெப் அவளைத் தூக்கி உட்கார வைத்து வாயைத் துடைத்துவிட்டாள். அத்தனை வருஷத்தில் அந்தக் கை அவள் முகத்தில் பட்டது அன்றுதான். குன்சுலு முகத்தைத் திருப்பவில்லை.

“அப்ப நீ எலும்புக்கு இறங்காதே,” என்றாள்.

ஜெய்னெப் வாய் துடைத்த துணியை நான்காக மடித்தாள்.

“என் மேல தண்ணி ஊத்த ஊருல ஆயிரம் பேரு இருக்காங்க. கீழ வாங்க யாரு இருக்கா? அன்னைக்கு நீ அங்க இரு. என் தண்ணிய அப்படியே வெளிய தள்ளிடாதே. எல்லாம் பண்ணி, தெளிய வச்சு, அப்புறம் விடு. செய்வியா?”

“செய்யறேன் அக்கா.”

“யாருகிட்டயும் மூச்சு விடாதே. சாகப்போறவ சாக்கடைக்குக் காவல் போட்டான்னு சிரிப்பானுங்க. அத்தானுக்கும் சொல்லாதே. எப்போ சொல்லணுமோ நானே சொல்லிக்கறேன்.”

ஜெய்னெப் மூன்றாம் மாடியிலிருந்து படி இறங்கினாள். இரண்டாம் மாடி வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஆசைப்பட்ட இடம் கிடைக்கவில்லை. கிடைத்ததை யாரிடமும் காட்டவும் முடியாது.

பிப்ரவரியில், கடலிலிருந்து உப்பும் பனியும் கலந்து காற்று வீசிய ஒரு விடியற்காலையில் குன்சுலு இறந்தாள்.

காலையில் ஜெய்னெப் போனபோது வீடு நிறைந்திருந்தது. கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து ஒப்பாரி சொன்னார்கள். ஜெய்னெப் உள்ளே போய், வெள்ளைத் துணி மூடிய உடலின் தலைமாட்டில் மண்டியிட்டு அழுதாள். எழுந்தபோது ரைஹான் எதிரே நின்றாள். அவளிடம் கையில் மாட்டிக்கொண்டு கழுவுவதற்காக வெட்டித் தைத்த துணி உறைகள் இருந்தன, ஐந்து ஜோடி. அவற்றில் ஒரு ஜோடியை நீட்டினாள்.

“அக்கா உன் பேரைச் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. ஓரகத்தி எடம் காலியா இருக்கக் கூடாது. வா, கையக் கழுவிட்டு வா.”

ஒப்பாரி நின்றது. எல்லோரும் பார்த்தார்கள்.

நீட்டிய துணியை ஜெய்னெப் பார்த்தாள். கையை நீட்டினால் போதும். ஊரே பார்க்க அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நாளை முதல் அவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. குன்சுலு இனி எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்டது வேறு யாருக்கும் தெரியாது.

“என்னால முடியாது ரைஹான். எனக்கு வேலை இருக்கு,” என்றாள்.

“வேலையா?”

“இன்னைக்கு நான் அங்க இருக்கணும்.”

“சாக்கடை எங்கயும் ஓடிப்போயிடாதுடி,” என்றாள் மூலையிலிருந்து ஒருத்தி.

ரைஹானின் கை அப்படியே நீண்டிருந்தது. “உசிரோட இருந்தப்போ அவ உன்னை மாவத் தொட விடல. அதுக்கு இப்போ பழி வாங்கறியா? பொணத்துக்கிட்டயா?”

“விடும்மா,” என்றாள் சம்பந்தியம்மா. “வராத கைய இழுக்காதே. அவ இறங்காம இருந்தாலே நல்லது.”

ஜெய்னெப் தன் பூட்ஸைத் தேடினாள். அன்று அவற்றை யாரும் வரிசையாக வைத்திருக்கவில்லை. படிக்கட்டில் ஆண்களோடு நின்ற மெண்டிபாய் அவள் போவதைப் பார்த்தார். தடுக்கவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை.

காற்றில் நிற்க முடியவில்லை. உப்புவெளியைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கும்போதே ஏதோ சரியில்லை என்று ஜெய்னெப்புக்குத் தெரிந்தது. நிலையம் சத்தமில்லாமல் கிடந்தது. காற்று ஊதும் மோட்டாரின் உறுமல் தொலைவிலிருந்தே கேட்க வேண்டும். கேட்கவில்லை.

தொக்தார் வாய்க்காலின் ஓரத்தில், புறவழி மதகின் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“கம்பி அறுந்துடுச்சு தங்கச்சி. நமக்கு வர்ற லைன் மட்டும். போன் பண்ணிட்டேன், காத்து நின்னாதான் கம்பத்துல ஏறுவாங்களாம். ஜெனரேட்டர் எங்க இருக்குன்னு உனக்கே தெரியும்.”

ஜெனரேட்டர் பழுது பார்க்க அக்தாவுக்குப் போய், இலையுதிர்காலத்திலிருந்து அங்கேயே இருந்தது.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஊர்த் தண்ணீர் நிற்காது, அது சரிவில் வந்துகொண்டே இருக்கும். காற்று இல்லாத தொட்டியில் அது புகுந்தால் அங்கே வாழும் உயிர்களையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அவை போனால் மறுபடி வளர்க்க மாதக்கணக்காகும். அதனால் புறவழி மதகைத் திறந்துவிடுவார்கள். ஊரின் அழுக்கு வந்தபடியே கடல் இருந்த மணலுக்குப் போய்விடும். எப்போதும் அப்படித்தான் செய்தார்கள்.

“திறந்தாச்சா?” என்றாள் ஜெய்னெப்.

“இப்பத்தான் திறக்கப் போறேன். நீ ஏன் இங்க வந்தே? அங்க இல்ல இருக்கணும்?”

“திறக்காதீங்க அண்ணே.”

“என்ன?”

“இன்னைக்கு மட்டும் திறக்காதீங்க. மூணாவது தொட்டிக்கு விடலாம்.”

மூன்றாவது தொட்டி மீன் தொழிற்சாலை ஓடிய காலத்தில் கட்டியது. தொழிற்சாலை போன பிறகு அதற்குத் தண்ணீர் இல்லை. அடியில் மணலும் செத்த பறவைகளும்தான் கிடந்தன. ஒரு நாள் தண்ணீரை அதில் பிடித்து வைக்கலாம். மின்சாரம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் மதகு வருஷக்கணக்காக அசையவில்லை.

“துருப் பிடிச்சு ஒட்டிக் கெடக்கு. நான் ஒருத்தன் தொங்கினாலும் வராது.”

“நானும் தொங்கறேன்.”

தொக்தார் அவளைப் பார்த்தார். கண்கள் வீங்கியிருந்ததைப் பார்த்தார். ஊர் இருக்கும் மேட்டைப் பார்த்தார். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளே போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலையும் ஒரு நீள இரும்புக் குழாயையும் எடுத்து வந்தார்.

“டீக்கு வச்ச தண்ணி. போகட்டும்,” என்று மூன்றாவது தொட்டி மதகின் திருகில் ஊற்றினார். ஆவி எழுந்து காற்றில் கிழிந்து போனது. சக்கரத்தின் கம்பிகளுக்கிடையில் குழாயைச் செருகி இருவரும் அதன் முனையில் தொங்கினார்கள். அசையவில்லை. இன்னொரு கெட்டில் கொதிக்க வைத்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, சுவரில் வரைந்த சிவப்புக் கோட்டுக்குக் கை நீளம்தான் இருந்தது.

“சிவப்புக் கோட்டைத் தொட்டா நான் புறவழியத் திறந்துடுவேன் தங்கச்சி. இல்லன்னா ஊருக்குள்ள ஏறிடும்.”

“தெரியும் அண்ணே. இன்னொரு தடவை.”

“நான் செத்தாலும் இப்படித் தொங்குவியா?”

“உங்க தண்ணியில எண்ணெய் இருக்கும். தனியா வடிகட்டணும்.”

அவர் சிரிக்க வாயெடுத்தபோது சக்கரம் கிறீச்சென்று ஒரு விரல் அளவு நகர்ந்தது. இருவரும் மேலே விழுந்து அழுத்தினார்கள். ஜெய்னெப்பின் கையுறை கிழிந்து, உள்ளங்கைத் தோலும் கிழிந்தது. பிறகு மதகு மெல்ல மெல்ல எழும்பியது. தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டு, காய்ந்த தொட்டிக்குள் பெரும் சத்தத்தோடு பாய்ந்தது.

அவர்கள் வாய்க்காலோரம் வந்து நின்றார்கள். தொக்தார் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஊரில் ஊற்றிய தண்ணீர் நிலையத்துக்கு வந்து சேர ஒருவர் நிதானமாக இரண்டு கிண்ணம் தேநீர் குடிக்கும் நேரம் ஆகும். அந்நேரம் மூன்றாம் மாடியில் கழுவத் தொடங்கியிருப்பார்கள். குன்சுலுவின் தண்ணீர் எப்போது வந்தது என்று அவர்களால் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே நிறமாகத்தான் வந்தது. அதனால் ஜெய்னெப் கையை இறக்கவே இல்லை. காற்று அவள் தலைத்துணியைப் பிடித்து இழுத்தது. உள்ளங்கையில் ரத்தம் உறைந்தது. ஓதத் தெரிந்ததெல்லாம் தீர்ந்த பிறகும் அவள் நின்றாள். பக்கத்தில் தொக்தாரும் நின்றார். ஓதி முடித்துவிட்டு, அவள் கணவன் பெயரையும் அவர் சேர்த்துக்கொண்டது அவளுக்குக் கேட்டது.

சாயங்காலம் காற்று தணிந்தது. லைன்மேன் கம்பத்தில் ஏறினான். மோட்டார் ஒருமுறை இருமி, பிறகு பழையபடி உறுமியது. பெரிய தொட்டியில் குமிழிகள் எழுந்தன. பிடித்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்கு அனுப்பினார்கள். மதகு திறந்ததைப் பற்றியோ திறக்காததைப் பற்றியோ ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஊருக்குத் தெரிந்தது வேறு. ஓரகத்தி செத்த அன்று, இடம் கொடுத்துக் கூப்பிட்டும் எலும்புக்கு இறங்காமல் ஜெய்னெப் சாக்கடைக்குப் போனாள். ரொட்டிக் கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள். கட்டுப் போட்ட கையைப் பார்த்து, “ஆண்டவன் உடனே காட்டிட்டான் பாரு,” என்றாள் ஒருத்தி, கேட்கும்படியாகவே. எலும்புக்கு இறங்கியவர்களுக்குக் குன்சுலுவின் துணிகளைப் பங்கு வைத்தார்கள். ஐந்தாவது பங்கு கடைசி நேரத்தில் கை கொடுத்த ஒரு பக்கத்துவீட்டுப் பெண்ணுக்குப் போனது. அன்று ஜெய்னெப் கோட்டுகளை வாங்கி மாட்டினாள். ரைஹான் தன் கோட்டை அவளிடம் கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஜெய்னெப் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மெண்டிபாய் நிலையத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே இல்லை. கையில் துணியில் கட்டிய ஒரு மூட்டை இருந்தது. எண்ணெயில் பொரித்த ரொட்டியின் மணம் அவருக்கு முன்னால் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் இறந்தவர்களுக்காகப் பொரித்து அண்டை வீடுகளுக்குக் கொடுக்கும் ரொட்டி.

“வழி தவறிட்டீங்களா?” என்றார் தொக்தார்.

“தவறல. தண்ணி வெளிய போற எடம் எது?”

ஜெய்னெப் அவரை அழைத்துப் போனாள். மூவரும் வட்டத் தொட்டியைச் சுற்றி, சரிவில் இறங்கி, கடல் இருந்த மணலில் நடந்தார்கள். குழாயின் வாயிலிருந்து தண்ணீர் சன்னமாக வழிந்து, நாணலுக்குள் நுழைந்து, தூரத்தில் தெரிந்த கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஓரங்களில் பனிக்கட்டி மெல்லிய தகடாக ஒட்டியிருந்தது. நடுவில் மட்டும் வெதுவெதுப்பாக ஓடியது. இரண்டு அன்னங்கள் அவர்களைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றன.

மெண்டிபாய் குந்தி உட்கார்ந்து தண்ணீரைக் கையில் அள்ளினார். உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தார்.

“ரேகை தெரியுது,” என்றார்.

பிறகு ஓதினார். நடுவில் நிறுத்தி, மறுபடி எடுத்து முடித்தார். மூன்று பேரும் முகத்தில் கை தடவிக்கொண்டார்கள். அவர் மூட்டையை அவிழ்த்து ஜெய்னெப்பிடம் நீட்டினார்.

“சாகறதுக்கு முந்தின ராத்திரி சொன்னா. மொத வெள்ளிக்கிழமை ரொட்டி வீடு வீடாப் போக வேண்டாம், இங்க கொண்டு வரணுமாம். நீதான் பிட்டுக் குடுக்கணுமாம். உன் கையால வாங்கி நான் சாப்பிடணுமாம். அவ்வளவுதான் சொன்னா. ஏன்னு கேட்டேன். உன்கிட்டயே கேட்டுக்கணுமாம்.” அவர் ஓடையைப் பார்த்தார். “நான் கேக்கல. நீ அன்னைக்குப் படியிறங்கிப் போனப்பவே எனக்குப் பாதி புரிஞ்சிடுச்சு.”

“கையக் கழுவிட்டு வந்துடறேன் அத்தான்.”

“கட்டு நனைஞ்சிடும். பிட்டுக் குடு.”

ஜெய்னெப் ரொட்டியைப் பிட்டாள். முதல் துண்டை மெண்டிபாய் இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அடுத்தது தொக்தாருக்கு. அவர் மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார்.

“யாரு செஞ்சது இது?”

“நான்தான்,” என்றார் மெண்டிபாய். “ரைஹான் செஞ்சு தர்றேன்னா. இங்கதான் வருதுன்னு சொன்னதும் தாம்பாளத்தை வச்சிட்டுப் போயிட்டா.”

“பூட்ஸ் அடிக்குப் போடலாம்.”

“தெரியும்.”

மூவரும் மென்றார்கள். அன்னங்கள் திரும்பி வந்து தண்ணீரில் இறங்கின.

“அடுத்த வெள்ளிக்கு மாவு நீதான் பிசையணும்,” என்றார் மெண்டிபாய், தண்ணீரைப் பார்த்தபடியே. “கை ஆறினதும் வா. அவ தாம்பாளம் அங்கயேதான் இருக்கு. யாரு என்ன சொன்னாலும் நான் அந்த அறையிலயே உக்காந்திருப்பேன்.”

ஜெய்னெப் ரொட்டியில் இன்னொரு துண்டு பிட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.